கறுப்புக் காரில் வட்டவட்டமாகத் தெரியும் கீறலுக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கைந்நூல் ஒரு சொல்லால் நிற்கிறது. வாகனப் பூச்சுப் பராமரிப்பு, தமிழ்மொழி மூலம், பிள்ளைகள் பெரும்பாலும் சாதாரண தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளைகள். கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டவட்டமாகத் தெரியுமே, ஸ்வர்ல் மார்க் என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். நிறத்துக்கு மேலே பூசும் நிறமற்ற கிளியர் கோட்டுக்குத் ‘தெளிபூச்சு’ என்று போட்டுவிட்டேன், பொலிஷ் பண்ணுவதற்கு ‘மெருகிடல்’. இதற்கு மட்டும் ‘சுழல்கீறல்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முதலில் புணர்ச்சியைப் பார்ப்போம். ‘சுழல்கீறல்’ என்றால் வினைத்தொகை, சுழன்ற கீறல், சுழல்கின்ற கீறல், சுழலும் கீறல் என்று விரியும். சுழலைப் பெயராகக் கொண்டால் கல் குடம் கற்குடம் ஆவது போலச் ‘சுழற்கீறல்’ ஆகவேண்டும். எது உங்கள் கருத்து என்று முடிவு செய்யாமல் அச்சுக்குக் கொடுக்கக்கூடாது. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், ‘சுரிவரி’ என்று வைக்கலாம். சுரி என்றால் சுருள்; சுரிசங்கு, சுரிகுழல் என்று நம்மிடம் எப்போதோ உண்டு. சுரி, சுருள், சுழி, சுழல் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம், சுருங்கு, சுருக்கு, சுருட்டு, ஏன் சுற்று என்பதையும் அதோடு சேர்க்கலாம். வரி என்றால் கோடு. புலியின் மேல் கிடப்பதும் வரிதான். இவ்வளவு செல்வம் இருக்கும்போது கீறல் என்ற வறட்டுச் சொல் எதற்கு?

தலவாக்கலை, கராஜ் நடத்துபவர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் வாகனக்காரரிடம் வரி என்ற சொல்லை எடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது, இறக்குமதி வரியைத் தவிர வேறு வரி எங்கள் காதில் விழாது. இருக்கிற பழைய காரைத்தான் ஆட்கள் மினுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த வேலையே எங்களுக்கு இப்போது கூடியிருக்கிறது. எங்கள் பையன்கள் ‘வலை விழுந்திருக்கு’ என்பார்கள். பொனட்டில் டோர்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரியே தெரியும். ‘வலைக்கீறல்’ என்று போடுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பதுளை, பௌதிகவியல் ஆசிரியை:

சுழல், சுரி, சுழி மூன்றையும் நான் மறுக்கிறேன், ஏனென்றால் அங்கே சுழலும் கீறலே இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பள்ளம், தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் ஒளியைத் தெறிக்கும். ஆகவே விளக்கின் விம்பத்தைச் சுற்றி, எந்தக் கீறல் ஆரைக்குக் குறுக்காகக் கிடக்கிறதோ அது மட்டும் கண்ணுக்கு மின்னுகிறது, மற்றவை இருட்டில் மறைந்துவிடுகின்றன. மின்னுகிறவற்றை மட்டும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கு வட்டம் தெரிகிறது. டோர்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். கீறல் உண்மையில் வட்டமாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே அல்லவா இருக்கவேண்டும்? வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு, ஆனால் அங்கே அடிநிறம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறுவதால் இந்தச் சிறிய மின்னல் அதில் அமுங்கிப்போகிறது. கறுப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் மேலே மின்னுவது அப்படியே தெரிகிறது. ‘நுண்கீறல்’ என்பதே சரியான சொல்.

கண்டி:

அம்மா, விளக்கத்துக்கு நன்றி, இத்தனை காலம் எனக்கு இது தெரியாது. ஆனால் கானல்நீரில் நீர் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் தமிழ் பெயரிட்டது, இல்லாததற்கும் பெயர் வைத்தது. நுண்கீறல் என்றால் கண்ணாடியில் விழுந்ததும் நுண்கீறல், கடிகாரத்தில் விழுந்ததும் நுண்கீறல், கலைச்சொல்லுக்கு வேண்டிய வரையறை அதில் இல்லை. ‘வடு’ என்பதையும் யோசித்துப் பாருங்கள், ‘ஒளிவடு’.

ஹட்டன்:

ஐயா, வடு முடியாது. நாவினால் சுட்ட வடு ஆறாதே என்றுதான் குறள். இந்தக் கீறல் ஆறும், அதாவது எடுக்கலாம், பாடமே அதைப் பற்றியதுதான். தெளிபூச்சு சாதாரணமாக 40, 50 மைக்ரோமீற்றர் இருக்கும், அதில் சில மைக்ரோமீற்றரை இயந்திரத்தால் சமமாகத் தேய்த்து எடுத்தால் கீறலின் பள்ளம் இல்லாமல் போகும். இருக்கிற தடிப்பு அவ்வளவுதான் என்பதால் நினைத்த நேரமெல்லாம் தேய்க்கவும் முடியாது. முதலில் நன்றாகக் கழுவி, இந்த வேலைக்கென்றே உள்ள களிமண் கட்டியால் ஒட்டியிருக்கும் துகளை எடுத்து, ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டி, ஒரு சிறிய இடத்தில் மென்மையான பொலிஷும் மென்மையான பஞ்சும் போட்டுப் பார்க்கவேண்டும், அது போதாவிட்டால்தான் அதைவிடக் கரடாகத் தேய்க்கும் கொம்பவுண்ட். இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் நேரே கொம்பவுண்டில்தான் கை வைக்கிறார்கள்.

எனக்கு இப்போது புரிவது இதுதான். சுழல் என்று சொல்லிக்கொடுத்தால் வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்தால் வராது என்று பிள்ளை நினைக்கிறான். இங்கே விடியற்காலையில் மூடுபனி இறங்கிய காரை சாரதி பழைய துவாயால் துடைக்கிறாரே, ராத்திரி ஒட்டிய மண்ணும் மணலும் அந்த ஈரத்தோடு இழுபடும்போதே கீறல் விழுந்துவிடுகிறது, நேரோ வட்டமோ கணக்கில்லை. பெயரைக் கேட்டதும் காரணம் தெரியவேண்டும். ‘துடைகீறல்’ எப்படி?

பண்டாரவளை, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன், நல்ல யோசனை, ஆனால் துடை என்றால் தொடை. பேச்சிலும் அப்படித்தான், பழைய நூலிலும் அப்படித்தான். பதினாறு வயதுப் பையன்கள் இருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லை எழுதிப்போட்டால் அன்றைக்குப் பாடம் நடக்காது. ‘துடைப்புக் கீறல்’ என்றால் தப்பலாம்.

இன்னொன்று, பதுளை அக்கா ‘தெறிக்கும்’ என்று எழுதியதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் வாசித்தால் தண்ணீர் தெறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அது எதிரொளிப்பு. நமக்கு ஆரை, அவர்களுக்கு ஆரம். 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தபோது தொடங்கிய தனிவழி இது, பிறகு நம் அரசகரும மொழித் திணைக்களத்துச் சொற்றொகுதிகளும் அதே வழியில் போயின. புதிய சொல்லையாவது இரண்டு கரைக்கும் பொதுவாக வைக்கமுடியாதா?

பதுளை:

தெறிப்பை நான் விடமாட்டேன். சூரிய ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது என்று பாட்டிமாரும் சொல்வார்கள், எதிரொளிப்பு எதிரொலிப்போடு குழம்பும். அது வேறு இழையில் பேசவேண்டிய விஷயம், விரும்பினால் தொடங்குகிறேன்.

தலவாக்கலை:

துடைப்புக் கீறல் என்று சொல்லும்போதே துடைப்பம் ஞாபகம் வருகிறது. அதோடு துடைக்கும்போது மட்டும் விழுவதில்லை, கழுவும்போதும் விழும். நிலத்தில் விழுந்த ஸ்பொஞ்சை எடுத்து அப்படியே வாளியில் முக்குவார்கள், இயந்திரத் தூரிகையில் விட்டால் இன்னும் மோசம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்து திரும்பும் கார்களைப் பாருங்கள், அவசரத்தில் ஒரே வாளித் தண்ணீரில் கழுவியது பொனட்டிலேயே தெரியும். சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்தாலே பாதி நிற்கும். காரணத்தை வைத்துப் பெயர் வைப்பதென்றால் எத்தனை பெயர் வைப்பீர்கள்?

ஹட்டன்:

சரி. சுற்றும் பொலிஷரைப் பிழையாகப் பிடித்தால் நீளநீளமாக நிழல் மாதிரி விழும் கோடுகளுக்கு, ஹோலோகிராம் என்பதற்கு, என்ன போடுவது? இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாக நினைக்கக்கூடாது.

பண்டாரவளை:

‘இயந்திரத் தடம்’. இதில் யாருக்காவது மறுப்பா?

கண்டி:

இல்லை. நல்ல சொல்.

ஹட்டன்:

அப்படியென்றால் இப்படி முடிக்கிறேன். வலைக்கீறலுக்கு ஆதரவாகத் தலவாக்கலை, பண்டாரவளை, தனிமடலில் எழுதிய நாவலப்பிட்டி நண்பர், அரை மனதோடு நான். வலை என்றால் வட்டம் உண்மையில் இருக்கிறது என்று சாதிப்பதுமில்லை, பார்த்த உடனே அடையாளம் தெரிகிறது, புணர்ச்சியிலும் பிழை இல்லை. முதல் பக்கத்தில் வலைக்கீறல் என்று போட்டு, அதற்குக் கீழேயே டோர்ச்சை நகர்த்திப் பார்க்கும் பயிற்சியையும் துவாயால் துடைக்கும் படத்தையும் வைக்கிறேன். கண்டி ஐயா சம்மதிப்பீர்களா?

கண்டி:

வலைக்கீறல் பிழையான சொல் அல்ல, அச்சிடுங்கள். ஆனால் சுரிவரியை நான் திரும்பப் பெறவில்லை, அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன். அதற்குள் சுரி பற்றிய மேற்கோள்களை ஒழுங்காகத் தொகுத்து அனுப்புகிறேன்.

பதுளை:

என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்பாடத்தில் இதை உதாரணமாக எடுக்கும்போது என் வகுப்பில் நுண்கீறல் என்றுதான் சொல்லப்போகிறேன். அந்த டோர்ச் பயிற்சிக்கு ஒரு வரைபடம் கீறி நாளைக் காலை அனுப்புகிறேன், அதை மட்டும் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.