கேப்பிடோலா பாறையில் பார்த்த எலும்பும், பறக்க மறந்த ஒரு கடற்பறவையும்

அலைமகள்:

கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பக்கம் கேப்பிடோலா கடற்கரைக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஊரை ஒட்டிக் கிழக்கே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மணற்கல் பாறையைக் கவனித்திருக்கிறீர்களா? கவனித்தவர்கள் நீங்கள் கண்டதை எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு பிற்பகல் மகளோடு போனேன். குளிர்காலத்தில் அங்கே கடல் வெகுதூரம் உள்வாங்குவது பிற்பகலில்தான். கோடையில் அதைப் பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும். மேலேயிருந்து உடைந்து விழுந்த கற்கள் மணலில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள், சிமெண்டில் பதித்ததுபோல. ஒரு கல்லில் மட்டும் பழுப்பாக, மரத்துண்டு போல, என் முழங்கை நீளத்துக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மகள் குனிந்து பார்த்து, "அம்மா, உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு" என்றாள். அப்போதுதான் அது எலும்பு என்று எனக்கு உறைத்தது.

பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து சான்டா குரூஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். திமிங்கில எலும்பு என்றார். அந்தப் பாறைக்குப் புரிசிமா என்று பெயர், சான் மட்டேயோ மாவட்டத்து ஓடை ஒன்றின் பெயர் அது. சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகி, நிலம் மேலே தள்ளப்பட்டதால் இன்று நம் தலைக்கு மேல் நிற்கிறது. வால்ரஸ், கடற்பசு, டால்பின், சுறாப் பல் எல்லாம் இதில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது மான்கல்லா என்ற, இன்று அழிந்துபோன பறவை. 1901-இல் லூக்காஸ் என்பவர், லாஸ் ஏஞ்சலிஸில் கிடைத்த ஒரு மேற்கை எலும்பை வைத்தே இதற்குப் பெயரிட்டார். அந்த ஓர் எலும்பு குட்டையாக, தட்டையாக இருந்ததைப் பார்த்து, இது பறக்காமல் சிறகாலேயே நீரில் துடுப்புப் போட்ட பறவை என்று புரிந்துகொண்டார். பார்க்கப் பென்குயின் போல இருந்திருக்கும், பென்குயினுக்கு உறவே இல்லை. பஃபின், மர் என்ற கடற்பறவைகளின் குடும்பம். புரிசிமாவிலும் இதன் எலும்புகள் கிடைத்துள்ளன.

கரையோரம்:

அக்கா, மான்கல்லா எப்படி நீந்தியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் மான்டரே மீன் காட்சியகத்தில் பஃபின்கள் இருக்கும் தொட்டி முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். நான் நின்றேன். தண்ணீருக்குமேல் மிதக்கும்போது வாத்து மாதிரி சாதுவாக இருக்கிறது. தலையைக் கவிழ்த்து உள்ளே போனதும் சிறகைப் பாதி மடக்கிப் படபடவென்று அடிக்கிறது பாருங்கள், நீருக்குள்ளேயே பறக்கிறது! காலை உந்துவதற்கு அல்ல, திரும்புவதற்குத்தான் பயன்படுத்துகிறது. பறப்பதற்கு நீளமான சிறகு வேண்டும், நீருக்குள் குட்டையான சிறகுதான் நல்லது. பஃபின் இரண்டுக்கும் நடுவில் சமாளிக்கிறது. மான்கல்லாவின் முன்னோர்கள் வானத்தை விட்டுவிட்டு நீரைத் தேர்ந்துகொண்டன. அட்லாண்டிக்கில் தனியாக இதே வழியில் போன இன்னொரு பறவைதான் கிரேட் ஆக். அதன் கடைசி ஜோடியை 1844-இல் ஐஸ்லாந்து அருகே கொன்றுவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தென்றல்_81:

நாங்கள் கேப்பிடோலாவை ஒட்டிய சோக்கெலில் இருக்கிறோம். எங்கள் பகுதிக் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு இந்தப் புரிசிமா அடுக்கிலிருந்துதான் கிணறு வழியாக எடுக்கிறார்கள். மணற்கல் ஆனதால் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்பது இங்கே பெரிய கவலை.

சரி, ஒரு சந்தேகம். கீழே விழுந்து கிடக்கும் கல்லை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

நெடுவழி:

வேண்டாம். பக்கத்திலுள்ள நியூ பிரைட்டன் அரசுப் பூங்கா, அங்கே எடுப்பது சட்டப்படி தவறு. அது மட்டுமல்ல, எலும்பு எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் போனால் அதன் வயதும் தெரியாமல் போய்விடும். பாறையடியில் ஒதுங்கி உட்காரவும் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் சரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் புரிசிமா அடுக்கில் பெலகார்னிஸ் எலும்பும் கிடைத்திருக்கிறது, 2011-இல் போசனெக்கர், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். சிறகை விரித்தால் ஐந்தாறு மீட்டர் வரும் பறவை இனம் அது. அலகின் விளிம்பில் பல் மாதிரி எலும்பு முட்கள் இருக்கும். அவ்வளவு பெரிய உடலைக் காற்றில் தூக்க எலும்புச் சுவர் முட்டை ஓடு போல மெலிந்திருந்தது. அதனால் கடலடியில் நொறுங்கிப்போகும், முழுசாகக் கிடைப்பது அபூர்வம். முங்கி வாழ்ந்த மான்கல்லாவுக்கோ கனத்த எலும்பு, அது தாங்கி நின்றுவிட்டது.

இதே அடுக்கில் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் எலும்புகளும் உண்டு. அதன் இன்றைய உறவினரை நான் ஒரு ஆகஸ்ட் காலை பக்கத்து ஊரான அப்டாஸ் கரையிலிருந்து பார்த்தேன். கரும்பழுப்புப் பறவைகள், ஆயிரக்கணக்கில், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரே ஆறாக ஓடின. இருபது நிமிடம் ஆகியும் வரிசை முடியவில்லை. நியூசிலாந்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. ஒரு வருடத்தில் சுமார் 64,000 கிலோமீட்டர் பறப்பதாக, கருவி கட்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1961 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை இதே கேப்பிடோலாவில் இவை கூட்டமாக வந்து வீடுகளில் மோதி விழுந்தன. கடலில் மிதக்கும் நுண்பாசி ஒன்றின் நஞ்சு மீன் வழியாக உடம்பில் ஏறியதுதான் காரணமாக இருக்கும் என்று ஐம்பது வருடம் கழித்து ஆய்வு சொன்னது.

அலைமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிப்ரவரியில் மறுபடி அதே இடத்துக்குப் போனோம். நடுவில் இரண்டு பெரிய புயல். அந்தக் கல்லைக் காணோம். மகள் அங்குமிங்கும் ஓடித் தேடினாள். பாறையில் புதிதாகச் சரிந்த இடம் தெரிந்தது, அடியில் வேறு கற்கள், வேறு சிப்பிகள்.

படத்தைக் காட்ட நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் எலும்பு எதையாவது பார்த்தால் தோண்டாதீர்கள். நாணயமோ சாவியோ பக்கத்தில் வைத்து ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று பாறையும் தெரிய இன்னொரு படம், இடத்தின் குறிப்பு, மூன்றையும் அன்றைக்கே அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.