எருசலேம்: முதலில் வந்தவருக்குத்தான் ஊர் சொந்தமா?

நெல்லைச்சீமை:
டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு. முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். எருசலேம் யாருடையது என்று எங்களுக்குள் சண்டை. யூதர்களின் அரசன் தாவீது அதைத் தலைநகராக்கியது கி.மு. 1000 வாக்கில். கிறிஸ்தவம் வந்தது அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்து, இஸ்லாம் 1600 ஆண்டு கழித்து. மூன்று பேரில் மூத்தவர் யார் என்பதில் என்ன சந்தேகம்? மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

ஓலைச்சுவடி:
மூப்புக் கணக்கு என்றால் தாவீதும் பின்னால் வந்தவர்தான், அண்ணே. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில் இந்த ஊர் 'உருசலிம்' என்ற பெயரில் வருகிறது. காலம் கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. அப்தி ஹெபா என்ற அவ்வூர்ச் சிற்றரசன் எகிப்து மன்னன் பார்வோனுக்கு எழுதுகிறான்: பக்கத்து ஊர்க்காரர்கள் நிலத்தைப் பிடிக்கிறார்கள், ஆள் அனுப்புங்கள் என்று. ஒரு கடிதத்தில் காவலுக்கு ஐம்பது பேராவது வேண்டும் என்று கெஞ்சுகிறான். ஆக, தாவீது பிறப்பதற்கு 300 ஆண்டுக்கு முன்பே அங்கே நிலத் தகராறு!

வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை, முன்பே அங்கே குடியிருந்த எபூசியரிடமிருந்து தாவீது பிடித்ததாகத்தான் அதில் இருக்கிறது. பின்னால் யூதர்களின் ஆலயம் எழுந்த இடம் ஓர் எபூசியனுடைய போரடிக்கும் களம். 2 சாமுவேல் 24-இல் அதை ஐம்பது வெள்ளிச் சேக்கலுக்கு வாங்குகிறார்.

பாளை டீச்சர்:
ஐம்பது சேக்கல் களத்துக்கு மட்டும் இல்லை தம்பி, மாடுகளும் சேர்த்து. அப்புறம் 1 நாளாகமம் 21-ஐப் பாருங்கள், அதே இடத்துக்கு 600 சேக்கல் பொன் என்று இருக்கும். ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், "பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலையா டீச்சர்?" என்று கேட்டான். அவன் அப்பா பத்திர எழுத்தர். இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

நெல்லைச்சீமை:
விலை எதுவானால் என்ன டீச்சர், கிரயம் ஆகிவிட்டது அல்லவா? எபூசியர் யாரும் இன்று வந்து கேட்கவில்லை. யூதர்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை. கி.மு. 586-இல் பாபிலோன் அரசன் நெபுகாத்நேச்சார் ஆலயத்தை இடித்தான். திரும்பி வந்து கட்டினார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் இடித்தார்கள். 135-இல் யூதக் கிளர்ச்சியை நசுக்கிய பிறகு ரோமப் பேரரசன் ஹாட்ரியன் ஊரின் பெயரையே ஏலியா கபிடோலினா என்று மாற்றி, யூதர் உள்ளே வரத் தடை போட்டான். அதற்குப் பிறகும் அவர்கள் தொழுவது அந்தத் திசை பார்த்துத்தான். கல்யாணத்தில் கண்ணாடியை மிதித்து உடைப்பார்களே, அதுகூட இடிந்த ஆலயத்தின் ஞாபகம் என்பார்கள். இது உரிமை இல்லை என்றால் வேறு எது உரிமை?

தர்கா தெரு:
பாசம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பட்டா என்று சொல்லாதீர்கள். முஸ்லிம்களின் முதல் கிப்லாவும், அதாவது தொழும் திசையும், அதே ஊர்தான். அங்கே இருக்கும் பாறைமேல் குவிமாடத்தை கலீஃபா அப்துல் மாலிக் கட்டி முடித்தது கி.பி. 691-92. கலீஃபா உமர் காலத்தில் ஊர் முஸ்லிம்கள் கைக்கு வந்தது 638 வாக்கில். அதிலிருந்து 1917-இல் ஆங்கிலேயர் நுழையும் வரை, நடுவில் ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப் போர்க்காரர்களின் நூறு வருஷத்தைக் கழித்தால், ஏறக்குறைய 1180 வருஷம் முஸ்லிம் ஆட்சி.

ஆட்சி நடந்த விதத்தையும் பாருங்கள். 1099-இல் சிலுவைப் படை நுழைந்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்தார்கள். 1187-இல் சுல்தான் சலாஹுத்தீன் பிடித்தபோது படுகொலை இல்லை. ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து கட்டிவிட்டுப் போகச் சொன்னார். யூதர்களைத் திரும்பக் குடியேறவும் விட்டார். அதற்கும் முன்பு உமர், கல்லறைத் தேவாலயத்துக்குள் தொழுதால் பின்னால் வருகிறவர்கள் அதைப் பள்ளிவாசல் ஆக்கிவிடுவார்கள் என்று வெளியே வந்து தொழுதார்.

ஓலைச்சுவடி:
பாய், உமர் கதை அழகான கதை. ஆனால் அது எழுத்தில் வருவது யூடிக்கியஸ் என்ற கிறிஸ்தவ ஆசிரியரிடம், 10-ஆம் நூற்றாண்டில். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 300 ஆண்டு கழித்து. சலாஹுத்தீன் விஷயத்திலும் பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் போனார்கள். 1099 ரத்தக்களறியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல், சரி. அதற்காக அவர்களை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

நெல்லை அண்ணனுக்கும் ஒன்று. தாவீது என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு 1993-இல் வட இஸ்ரேலின் தெல் தானில் கிடைத்த கல்வெட்டு நல்ல சான்று, 'தாவீதின் வீடு' என்ற தொடர் அதில் வருகிறது. ஆனால் அவருடைய ஊர் எவ்வளவு பெரிது என்பதில் சண்டை ஓயவில்லை. 2005-இல் எய்லாட் மசார் ஒரு பெரிய கட்டடத்தைத் தோண்டி எடுத்து தாவீதின் அரண்மனை என்றார். இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் அந்தக் காலக்கணிப்பை ஏற்கவில்லை. இருவருமே இஸ்ரேலிய ஆய்வாளர்கள்.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது 1880-இல் கிடைத்த சீலோவாம் கல்வெட்டு. பாறையைக் குடைந்து 533 மீட்டருக்கு ஒரு நீர்ச்சுரங்கம். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது, ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் பாறைக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். அப்புறம் கோடரியும் கோடரியும் சந்திக்க, தண்ணீர் ஓடியது. யூதா அரசன் எசேக்கியா காலத்து வேலை என்கிறார்கள். ஆனால் கல்லில் ராஜா பெயர் கிடையாது, கூலிக்காரனின் குரல்தான் இருக்கிறது! அந்தக் கல் இப்போது இருப்பது இஸ்தான்புல் மியூசியத்தில். அதற்கும் ஒரு உரிமைத் தகராறு உண்டு என்பதைச் சொல்ல வேண்டுமா?

நெல்லைச்சீமை:
எபிரேய எழுத்தில் இருக்கிற கல்வெட்டைக் காட்டி எனக்கே உதவி செய்ததற்கு நன்றி தம்பி. பாய்க்கு ஒரு கேள்வி. ஆயிரம் வருஷப் பெருந்தன்மையைச் சொன்னீர்கள், 1948-ஐ விட்டுவிட்டீர்கள். அந்த வருஷப் போரில் பழைய நகரம் ஜோர்டான் கைக்குப் போனதும் யூதர் பகுதியில் ஒரு யூதரும் மிஞ்சவில்லை. ஹுர்வா என்ற யூதத் தொழுகைக்கூடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒலிவ மலைக் கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தரைக்குப் போட்டார்கள். 1949 ஒப்பந்தத்தில் புனித இடங்களுக்கு வழி உண்டு என்று எழுதியும், 19 வருஷம் பழைய ஆலய வளாகத்தின் மேற்குச் சுவரில் இஸ்ரேலியர் யாரும் போய்த் தொழ முடியவில்லை.

தர்கா தெரு:
நடந்தது தப்புதான், மறைக்கவில்லை. அதே சுவருக்கு முன்னால் இன்று படத்தில் பார்க்கிற பெரிய மைதானம் எப்படி வந்தது என்று நீங்களும் சொல்லுங்கள். அங்கே மக்ரிபிகள் குடியிருப்பு இருந்தது. சலாஹுத்தீனின் மகன் அஃப்தல் வடஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு வக்ஃபு, அதாவது அறக்கொடை, செய்த இடம், ஏழு நூற்றாண்டுக்கு மேல் பழசு. 1967 போரில் பழைய நகரம் இஸ்ரேல் கைக்கு வந்ததும், ஜூன் 10 ராத்திரி, கொஞ்ச நேரம் கொடுத்து ஆட்களைக் கிளப்பிவிட்டு, புல்டோசர் விட்டார்கள். நூற்றுச் சொச்சம் வீடு. 1980-இல் முழு நகரமும் தலைநகரம் என்று சட்டம் போட்டார்கள். அது செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 478-ஆம் தீர்மானம் போட்டது. கிழக்குப் பகுதிப் பாலஸ்தீனரில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் குடியுரிமை இல்லை, வசிக்கும் அனுமதிதான். சில வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால் அதையும் பிடுங்கிவிடலாம். பிறந்த ஊரில் வாடகைக்காரன் மாதிரி! 3000 வருஷத்துக் கதையை விடுங்கள், உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன பதில்?

சுக்குக்காப்பி:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டு இருக்கிறேன். 1947-இல் ஐ.நா. போட்ட திட்டத்தில் எருசலேம் யாருக்கும் இல்லை, சர்வதேச நிர்வாகம் என்று இருந்ததே. அதைச் செய்திருந்தால்?

தர்கா தெரு:
அங்கே இருந்தவர்களை யார் கேட்டார்கள்?

நெல்லைச்சீமை:
யூதத் தரப்பு ஒத்துக்கொண்டது, அரபுத் தரப்பு மறுத்தது. ஆனால் வெளியூர் அதிகாரி வந்து ஆள்வதை நானும் ஏற்கமாட்டேன். முதல்முறையாக பாயோடு ஒத்துப்போகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பாளை டீச்சர்:
இயேசுவின் கல்லறை இருப்பதாகச் சொல்லும் கல்லறைத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறேன். அங்கே சண்டை போட இரண்டு மதம்கூட வேண்டாம், ஒரே மதம் போதும். கிரேக்கர், அர்மீனியர், கத்தோலிக்கர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபை. எந்தத் தூணை யார் துடைப்பது என்பது வரை வழக்கம் உண்டு, 1852-இல் துருக்கி சுல்தான் ஆணை போட்டு அப்படியே நிறுத்திவைத்தது. 2002-இல் கூரையில் ஒரு காப்டிக் துறவி நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியர்கள் எல்லை மீறல் என்றார்கள். பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வாசல் சாவி பல நூற்றாண்டாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். விடியற்காலை நான் நின்று பார்த்தேன். கதவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக உள்ளிருந்து ஒரு ஏணியை நீட்டுகிறார்கள். வெளியே நிற்பவர் அதைச் சாத்தி, ஏறி, மேல் பூட்டைத் திறக்கிறார். ஒரு நாள் ஏணி வராவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு யோசனை.

சுக்குக்காப்பி:
வாசலுக்கு மேலே ஜன்னலடியில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏணி ஒன்று அங்கேயே நிற்கிறதாமே டீச்சர், அது யாருடையது?

பாளை டீச்சர்:
அது வேறு ஏணி. எங்கள் கைடு அர்மீனியர்களுடையது என்றார். பக்கத்துக் குழுவின் கைடு அதைக் கேட்டுத் திரும்பி முறைத்தார். இவர் குரலை உயர்த்தினார், அவரும் உயர்த்தினார். நான் செருப்புக் கடித்த காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.