மலைப் பள்ளிக்கும் டவுன் பள்ளிக்கும் ஒரே அளவுகோலா? மானியத்துக்கு மதிப்பெண் போடும் முறையைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சேர்வராயன்_டீச்சர்:

வணக்கம். ஏற்காட்டுக்கு அப்பால், காபி எஸ்டேட்களை ஒட்டியுள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆய்வகத்துக்காகப் போட்டி மானியம் எதற்காவது விண்ணப்பிக்கலாம் என்று எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. முன்பு ஒரு திட்டத்துக்கு அனுப்பியபோது "தேர்வாகவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எதில் குறைந்தோம், எவ்வளவு குறைந்தோம் என்று ஒன்றுமே இல்லை.

இந்த முறை வழிகாட்டுதல்களை முழுசாகப் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்துக்கு 2016-ல் வந்த விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மானியம் 20 லட்சம்: ஆய்வகம் அமைக்க 10, நடத்த 10. ஆனால் பள்ளியில் 1,500 சதுர அடி இடம் இருக்க வேண்டும். மலை மாநிலங்களுக்கும் தீவுகளுக்கும் 1,000 போதும். நாங்கள் இருப்பது மலை, ஆனால் எங்கள் மாநிலம் மலை மாநிலம் இல்லை! எங்கள் வகுப்பறை 20-க்கு 20 அடி. நடுச்சுவரை இடித்து இரண்டைச் சேர்த்தாலும் 800-தான். மாணவர் வருகை 75 சதவீதம் என்று இன்னொரு நிபந்தனை. கார்த்திகையிலிருந்து தை வரை காபிப் பழம் பறிக்கிற நாட்களில் எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும், அந்த எண்ணைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று.

எங்களுக்கு நிஜமாகவே என்ன தேவை என்று அந்தப் படிவம் எந்த இடத்திலும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். மைக்ராஸ்கோப் லென்ஸில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சணம் படர்ந்து, வெங்காயத் தோலைப் பார்க்கிற பிள்ளைக்குச் செல்லும் தெரியாது, செல் சுவரும் தெரியாது. ஒரு தகரப் பெட்டிக்குள் 40 வாட் பல்பு எரியவிட்டு, அதில்தான் மைக்ராஸ்கோப்பை வைத்துக் காப்பாற்றுகிறேன்.

இந்த அளவுகோல்களை யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து? எங்களைப் போன்ற பள்ளிகள் சொல்ல ஏதாவது இடம் இருக்கிறதா?

ஆத்தூர்_ஓய்வு_ஹெச்எம்:

டீச்சர், நல்ல கேள்வி. தகுதி வேறு, மதிப்பெண் வேறு என்பதை முதலில் மனதில் வையுங்கள். 1,500 சதுர அடி என்பது தகுதி. அதில் தவறினால் மற்றதை யாரும் படிக்கவே மாட்டார்கள். மதிப்பெண் என்பது அந்த வாசலைத் தாண்டியவர்களை வரிசைப்படுத்த. விண்ணப்பம் எழுதுகிற பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வாசலில் நிற்கிற காரணங்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள்.

யார் முடிவு செய்கிறார்கள் என்றால், திட்டத்தை நடத்துகிற துறைதான். திட்டத்தின் நோக்கத்தை அமைச்சரவைக் குறிப்பில் சொல்கிறார்கள். துறை அதை வழிகாட்டுதலாக்குகிறது. அப்புறம் அந்தத் துறை அதிகாரி நாளைக்குத் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும்: "இந்தப் பள்ளிக்கு ஏன் கொடுத்தாய், அந்தப் பள்ளிக்கு ஏன் கொடுக்கவில்லை?" அதனால் டேப் வைத்து அளக்கக்கூடியதையும், யூடைஸில் (பள்ளிகளின் தேசியத் தரவுத் தளம்) ஏற்கெனவே இருப்பதையும்தான் அவர் அளவுகோலாக வைக்கிறார். சதுர அடி, இணைய இணைப்பு, கழிப்பறை, மாணவர் எண்ணிக்கை. டில்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பள்ளி என்பது அதில் நீங்கள் ஏற்றிய எண்கள்தான். லென்ஸில் பூஞ்சணம் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல், 14,500-க்கு மேற்பட்ட பள்ளிகள், 27,360 கோடி. முதல் படி, மாநில அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது, யூடைஸ் தரவை வைத்துக் குறைந்தபட்சத் தகுதி உள்ள பள்ளிகளைப் பிரிப்பது. மூன்றாவதில்தான் பள்ளிகள் போட்டியிடும். அதிலும் கிராமப் பள்ளி குறைந்தது 60 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும், நகரப் பள்ளி 70 என்று தனித்தனி எல்லை. ஒரு வட்டாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு பள்ளி. தமிழ்நாடு முதல் படியிலேயே 2024-ல் கையெழுத்திடாமல் நின்றது. அது சரியா தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். ஆனால் ஒன்று புரிகிறது. அளவுகோல் என்பது வெறும் தர அளவு இல்லை, அரசு எதை நடத்திவைக்க நினைக்கிறதோ அதற்கான கருவியும்தான்.

அந்த 60, 70 வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிராமத்துக்குத் தனிக் கோடு போட முடியும் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் மலைக்கு ஏன் முடியாது? மாநிலத்தை வைத்து மலையை முடிவு செய்யாமல், வட்டாரத்தை வைத்து முடிவு செய்யட்டும். இருப்பதற்கே மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தால் இருக்கிறவர்களுக்கே போய்ச் சேரும். பணியில் இருந்தபோதும் கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன்.

கருப்பூர்_ஆய்வாளர்:

ஹெச்.எம். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கல்வி நிதிதான் என் ஆய்வுத் தலைப்பு. அமெரிக்கக் கல்வித் துறை போட்டி மானியம் கொடுக்கும்போது அளவுகோல்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கும்: திட்டத்துக்கான தேவை, வடிவமைப்பின் தரம், பணியாளர், வளம், மேலாண்மை, மதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி என்று அறிவிப்பிலேயே போடுவார்கள். 'தேவை' என்பதே அங்கே ஒரு தலைப்பு என்பதை டீச்சர் கவனிக்க வேண்டும். புதிதாக முன்னுரிமை எதையாவது சேர்க்க நினைத்தால், பொதுவாக முதலில் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள்.

அதனால் எல்லாம் நியாயமாக நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2009-ல் அறிவித்த 'ரேஸ் டு த டாப்' மாநிலங்களுக்கான போட்டி. 435 கோடி டாலர், மொத்தம் 500 புள்ளி. ஆசிரியர், தலைமை ஆசிரியர் தொடர்பானவற்றுக்கு 138 புள்ளி. மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தூக்கி நிறுத்துவதற்கு 50-தான். புள்ளிக்காகப் பல மாநிலங்கள் சட்டத்தையே திருத்தின. 2010-ல் இரண்டாம் சுற்றில் நியூ ஜெர்சி ஒரு பட்ஜெட் கேள்விக்கு வேறு ஆண்டுகளின் கணக்கைக் கொடுத்தது. அதில் 4.8 புள்ளி போனது. வெற்றிக் கோட்டுக்கு 3 புள்ளி குறைந்தது. சுமார் 40 கோடி டாலர் கைவிட்டுப் போயிற்று. ஆனாலும் எந்தக் கேள்வியில், எத்தனை புள்ளி போனது என்று ஊருக்கே தெரிந்தது. மதிப்பீட்டாளர்களின் குறிப்பும் வெளியே வந்தது. நமக்கு வேண்டியது அதுதான். ஒற்றை வரிப் பதில் அல்ல.

மஞ்சக்குட்டை_அம்மா:

டீச்சர், நான் எங்க ஊர்ப் பள்ளியில எஸ்.எம்.சி.யில இருக்கேங்க. பையன் எட்டாவது. என்.எம்.எம்.எஸ்.னு உதவித்தொகைப் பரீட்சை எழுதப்போறான். அதுல விதி எல்லாம் தெளிவா இருக்குங்க. 180 மார்க், ரெண்டு பேப்பரும் சேர்த்து 40 சதவீதம், எங்களை மாதிரி பழங்குடிக்கு 32. வீட்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல போகக்கூடாது. பாஸ் பண்ணி லிஸ்ட்ல வந்தா ஒன்பதாவதுல இருந்து வருசம் 12,000. யார் படிச்சாலும் புரியுது, மேலிடத்துல யாரையும் கேக்க வேண்டியதில்லை.

ஆனா அந்த வருமானச் சான்றுக்கு எத்தனை நடை! இ-சேவை மையம் ஏற்காட்டுல. காலைப் பஸ்ஸை விட்டா அன்னைக்குக் கூலி போச்சு. சர்வர் வேலை செய்யலேன்னா மறுநாளும் போகணும். பழம் பறிக்கிற சமயத்துல எஸ்டேட்டுல லீவு கேக்கவே முடியாது. எஸ்டேட்டுல வேலை செய்யறவங்க வருமானம் எவ்வளவுன்னு அரசாங்கத்துக்குத் தெரியாதாங்க? மார்க் வாங்குறது பிள்ளையோட வேலை. பேப்பர் சேர்க்குறது மட்டும் ஏன் எங்க தலையில?

சேர்வராயன்_டீச்சர்:

அம்மா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என்ன சான்று கேட்கிறார்கள் என்பதும் ஓர் அளவுகோல்தான், எந்த மதிப்பெண் பட்டியலிலும் அது வராது. ஒரே நாளில் எல்லாரும் வாங்க முடிகிற மாதிரி எங்கள் பள்ளியிலேயே ஒரு முகாம் போடச் சொல்லித் தாசில்தாரிடம் எஸ்.எம்.சி. தீர்மானம் கொடுக்கப் போகிறோம். உங்கள் பள்ளியிலும் போடுங்கள், சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

ஐயா, எங்கள் பழைய விண்ணப்பத்தின் மதிப்பெண் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தருவார்களா? எங்கள் பள்ளி ஹெச்.எம். கொஞ்சம் தயங்குகிறார்.

ஆத்தூர்_ஓய்வு_ஹெச்எம்:

தாராளமாகக் கேட்கலாம். ஹெச்.எம். தயங்கினால் எஸ்.எம்.சி.யில் உள்ள பெற்றோர் ஒருவர் குடிமகனாகத் தன் பெயரிலேயே கேட்கட்டும். 2005 சட்டத்தின் பிரிவு 4(1)(டி), ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். விடைத்தாளை எழுதியவரே பார்க்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொன்னதையும் சேர்க்கலாம்.

"ஏன் தேர்வாகவில்லை?" என்று கேட்காதீர்கள், மழுப்பலாகத்தான் பதில் வரும். மூன்று நகல் கேளுங்கள்: எங்கள் பள்ளிக்குத் தலைப்புவாரியாகப் போட்ட மதிப்பெண் தாள், நம் மாவட்டத்தில் தேர்வான பள்ளிகளின் மதிப்பெண், ஒவ்வொரு தலைப்புக்கும் எவ்வளவு மதிப்பெண் என்று முடிவு செய்த கோப்புக் குறிப்பு. மூன்றாவதுதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். மத்திய அரசுத் துறை என்றால் இணையத்திலேயே 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். மாநிலத் துறை என்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பலாம். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இன்னொன்று. அந்தத் தகரப் பெட்டியையும் பல்பையும் போட்டோ எடுத்து வையுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் 'ஈரப்பதம் தாங்கும் ஆய்வக அலமாரி' என்று தேவையாக எழுதித் தீர்மானம் போடுங்கள். படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் இணைப்பாக அனுப்பலாம்.