கிக் டிரம்மும் பேஸ் கிற்றாரும்: 55 ஹேர்ட்ஸில் யாருக்கு இடம்?

முல்லைக்கரை:
வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காக எங்கள் ஊர் இளைஞர்கள் பாடிய பக்திப் பாடலொன்றை மிக்சிங் (ஒலிக்கலவை) செய்துகொண்டிருக்கிறேன். பாடல் ஏ மைனரில் அமைந்தது. பேஸ் கிற்றாரின் ஏ தந்தி 55 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 55 அதிர்வுகள்) ஒலிக்கிறது. நான் தெரிந்தெடுத்த கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின்) அடிநாதமும் ஏறத்தாழ அங்கேயே விழுகிறது. என் அறையில் நன்றாகவே இருந்தது. கிளிநொச்சிப் பேருந்தில் போட்டுக் கேட்டபோது இரண்டும் குழைந்து ஒரே இரைச்சலாகி, உடுக்கையையே விழுங்கிவிட்டன. எதைக் குறைப்பது?

இரணைமடுவான்:
பேஸில் ஒலி மட்டத்தை அமுக்கும் ஒரு கொம்பிரசரைப் போட்டு, அதைக் கிக்கோடு சைட்செயினில் இணைத்துவிடுங்கள், அதாவது கிக்கின் ஒலியே அதை இயக்கட்டும். கிக் விழும்போது பேஸ் 3 டெசிபெல் தாழ்ந்து, 100 மில்லிசெக்கனில் பழைய நிலைக்கு மீண்டால் போதும்.

மாங்குளத்தான்:
இதை நான் ஏற்கமாட்டேன். ஆடல் இசைக்கு அந்த முறை பொருந்தும். இங்கே பேஸ் சுருதிபோல நீண்டு நிற்கிறது. அது ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்தெழுந்தால், குரலுக்குக் கீழேயுள்ள தரையே அசைவதுபோல் இருக்கும். தாளத்தை உடுக்கை சுமக்கும் பாட்டில் கிக் துணைக்கருவிதான். ஆகவே கிக்கின் வாலை, அதாவது அடித்தபின் நீளும் ஒலியை, வெட்டுங்கள். 400 மில்லிசெக்கன் இழுபடுவதை 150 ஆக்கினால் பேஸுக்குத் தானாகவே இடம் கிடைக்கும். பேஸின் 110 ஹேர்ட்ஸைச் சற்று உயர்த்தினால் சிறிய ஸ்பீக்கரிலும் அது எந்தச் சுரம் என்று விளங்கும்.

இரணைமடுவான்:
அண்ணா, வாலை அவ்வளவு வெட்டினால் கிக் மேசையில் தட்டியதுபோல் வறண்டுவிடும். கோயில் வீதியில் பெரிய ஸ்பீக்கரில் கேட்பவர்கள் நெஞ்சில் ஓர் அடியை எதிர்பார்க்கிறார்கள். அந்த அடி இல்லாத பாட்டை நான் வெளியே விடமாட்டேன்.

மாங்குளத்தான்:
நெஞ்சில் விழும் அடி வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, தம்பி. ஆனால் அதைப் பேஸைத் தாழ்த்தித்தான் பெறவேண்டுமா? கிக்கின் சுருதியை 65 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். மோதல் பாதியாகக் குறையும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: முல்லைக்கரை, உங்கள் அறையின் நீளம் என்ன, நீங்கள் எங்கே இருந்து கேட்கிறீர்கள்?

முல்லைக்கரை:
நீளம் பதினொன்றேகால் அடி. மேசை சரியாக நடுவில் இருக்கிறது.

மாங்குளத்தான்:
காரணம் அங்கேதான் இருக்கிறது. பதினொன்றேகால் அடி என்பது ஏறத்தாழ 3.43 மீற்றர். ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் செல்வதால், 50 ஹேர்ட்ஸின் அரை அலை உங்கள் இரு சுவர்களுக்கிடையே அப்படியே பொருந்துகிறது. அதனால் அதை ஒட்டிய ஒலிகள் நடுவில் மெலிந்து, சுவரருகே பெருகும். காதுக்குக் கேட்காததை ஈடுசெய்ய நீங்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டே போயிருப்பீர்கள்.

முல்லைக்கரை:
பாட்டை ஓடவிட்டு, நடுவிலிருந்து பின்சுவர்வரை மெல்ல நடந்து பார்த்தேன். நான்காவது எட்டில் கிக் இரண்டு மடங்காகக் கேட்டது. கதிரையை முன்சுவர்ப் பக்கம் நகர்த்திய பிறகு பேஸை 4 டெசிபெல் குறைக்க வேண்டியிருந்தது. உடுக்கையின் தோலை விரல் தொடும் ஒலிகூட இப்போது தெரிகிறது.

இரணைமடுவான்:
அறைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அதை நான்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். சைட்செயினை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்: 2 டெசிபெல் தாழ்வை எந்தக் காதும் அசைவாக உணராது.

மாங்குளத்தான்:
சரணத்தில் பேஸ் தனித்து நிற்கும் இடத்தில் நான் உணர்வேன்.

முல்லைக்கரை:
இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அதே பேருந்தில் இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.