மறு: தசையில் ‘ரெக்ரூட்மென்ட்’ – ஆட்சேர்ப்பு வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். நம் துண்டறிக்கையின் சொற்பட்டியலுக்காக ‘மோட்டார் யூனிட் ரெக்ரூட்மென்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். தேவைக்கேற்பத் தசையின் இயக்க அலகுகள் ஒவ்வொன்றாக வேலையில் இறங்குவதுதான் அது. நம்மில் ஒருவர் எழுதியது:

> ‘இயக்க அலகு ஆட்சேர்ப்பு’ என்றே போட்டுவிடலாம். பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

வருகிறதா? ஆட்சேர்ப்பு என்றால் வெளியாளைப் புதிதாக வேலைக்கு எடுப்பது. இங்கே ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார். முதுகுத்தண்டிலோ மூளைத்தண்டிலோ இருக்கும் ஒரு நரம்பணு, அதன் பிடியில் உள்ள தசையிழைகள், இரண்டும் சேர்ந்ததுதான் ஓர் இயக்க அலகு. கண்ணைத் திருப்பும் தசையில் ஒரு நரம்பணுவுக்குச் சில இழைகளே. கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு சொன்னால் அத்தனை இழையும் சுருங்கும். வெறும் குடத்தைத் தூக்கச் சின்ன அலகுகள் போதும். நிறைகுடம் என்றால்தான் பெரியவையும் எழுந்து வரும். சிறியது முன்னே, பெரியது பின்னே என்ற இந்த வரிசையை 1960களில் எல்வுட் ஹென்னிமன் என்ற நரம்பியல் ஆய்வாளர் காட்டினார்.

(‘அலகு’ என்றதும் மதுரைக்காரனுக்குத் திருவிழாவில் கன்னத்தில் குத்துவதுதான் நினைவுக்கு வரும். சரி, ஊன்றிவிட்ட சொல், அதை விட்டுவிடுவோம்.)

‘திரட்டல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் தமிழில் தசை திரள்வது என்றால் பருப்பது. திரண்ட தோள் என்கிறோம். நாம் சொல்ல வருவதோ கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. 1990இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில் 90 வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். முடித்த 9 பேருக்கும் சேர்த்துக் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பங்கு நரம்பின் கணக்கில் போகிறது. அதைப் போய்த் ‘திரட்டல்’ என்றால் படிப்பவர் தொடையை அளந்து பார்த்து ஏமாந்துபோவார்.

இது சும்மா சொன்னதில்லை. திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். முதல் நாள் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் அவரால் எழ முடியவில்லை. ஆறு வாரம் கழித்துக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தார். அவர் மகள் இஞ்சி டேப்பால் தொடையை அளந்தார், பழைய அளவேதான். ‘என்ன ஊசி போட்டீங்க?’ என்று மகள் கேட்க, அம்மா முந்திக்கொண்டார்: ‘உள்ள ஆளு தூங்கிக்கிட்டு இருந்துச்சுல்ல, தம்பி அத உசுப்பி விட்டுட்டாக.’

அதனால் என் முன்மொழிவு: ‘உசுப்பல்’. இயக்க அலகு உசுப்பல், சுருக்கமாகத் தசையுசுப்பல்.

கொச்சை என்பீர்கள். ‘உசுப்பேத்தி விடுறது’ வேறு கூடவே வரும் என்பதும் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கம் விடியக்காலையில் பிள்ளையை எழுப்புவதற்கும் இதே சொல்தான், அதில் ஒரு வசையும் இல்லை. நரம்பணு நொடிக்கு எத்தனை முறை கட்டளை அனுப்புகிறது என்பதற்கும் ‘உசுப்பு வேகம்’ என்று நீட்டிக்கொள்ளலாம். ஆட்சேர்ப்பை அப்படி நீட்டிப் பாருங்கள்!

அப்புறம், வயதானால் நரம்பணுக்கள் சில மடிந்துபோகின்றன. அநாதையான இழைகளில் ஒரு பகுதியைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. அலகுகளின் எண்ணிக்கை குறைகிறது, மிஞ்சியவை ஒவ்வொன்றும் பெரிதாகின்றன. அதனால் ஊசியில் நூல் கோக்கிற நுணுக்கம் குறைகிறது. பக்கத்து நரம்பு இப்படிப் பிடித்துக்கொள்வதற்கு ‘மறுநரம்பூட்டல்’ என்று வந்த பரிந்துரை எனக்குச் சம்மதம். ‘தத்தெடுப்பு’ என்றுகூட நினைத்தேன், கொஞ்சம் அதிகம்தான்.

ஒரே ஒரு திருத்தம். பட்டியலில் ‘தசைநார்’ என்று இருந்த இடங்களைத் ‘தசையிழை’ என்று மாற்றியிருக்கிறேன். எலும்பையும் எலும்பையும் கட்டும் லிகமென்ட்டையும் பலர் தசைநார் என்றே எழுதுகிறார்கள். முட்டிவலிக்காரர் கையில் அந்தத் துண்டறிக்கை போனால் வேறு இடத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உசுப்பலை மறுப்பவர்கள் அதற்குள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.