ஜிப்சி கிங்: சூடேறியதும் ஐடிலிங் உதறல், கரும்புகை, பெட்ரோல் வாடை

பள்ளத்தூர்க்காரன்:
வணக்கம். எங்களிடம் 2006 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப் இருக்கிறது, எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீச்சும் வகை). பழைய செட்டிநாட்டு வீடுகளில் மராமத்து வேலை செய்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எடுக்கும் கதவு, நிலை, ஆத்தங்குடிக் கல் எல்லாம் இதில்தான் வந்து சேரும். வண்டி படுத்தால் வேலையும் படுத்துவிடும்.

காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும், நன்றாகவும் ஓடும். கொஞ்ச தூரம் போய்ச் சூடேறிய பிறகு நிறுத்தினால்தான் தொல்லை. ஐடிலிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, வண்டியே உதறுகிறது, சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கிறது. சூட்டோடு ஆஃப் செய்து மறுபடி எடுத்தால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால்தான் பிடிக்கிறது. பிளக் நாலும் அடுப்புக்கரி பூசியது போல ஒரே கறுப்பு.

பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு. காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாச்சு. செக் லைட் எரியவில்லை, டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. கடையில் ஆக்சிஜன் சென்சார் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டரே போச்சு என்கிறார்கள். இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலால் இருக்குமோ என்றும் சந்தேகம். என்ன செய்யலாம்?

புதுவயல் மெக்கானிக்:
தம்பி, எத்தனாலைச் சந்தேகப்பட வேண்டாம். அதில் ஆக்சிஜன் கலந்திருப்பதால் கலவையை லீன் (பெட்ரோல் குறைவு) பக்கம்தான் தள்ளும், ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்காது. பழைய ரப்பர் ஹோஸுக்கு அது ஆகாது, அது வேறு கதை.

நாலு பிளக்கும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறது என்றால் ஒரு இன்ஜெக்டர் ஒழுகல் இல்லை. நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. முதலில் காசில்லாத வேலை இரண்டு. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் (காற்று உறிஞ்சும்) ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்த வழியாகப் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) போகிறது. அடுத்தது மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சாரின் ஹோஸ். இந்த இன்ஜின் காற்றை நேராக அளப்பதில்லை, மேனிஃபோல்டு பிரஷரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஹோஸ் வெடித்திருந்தால் முழு லோடில் ஓடுகிறோம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
பார்த்தேன் அண்ணே. ரெகுலேட்டர் ஹோஸ் காய்ந்து கிடக்கிறது. மேப் ஹோஸ் கொஞ்சம் தடித்திருந்தது, மாற்றிவிட்டேன். உதறல் அப்படியேதான் இருக்கிறது.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:
குளிரில் நன்றாக ஓடுகிறது, சூட்டில் கெடுகிறது. இதுதான் முக்கியமான துப்பு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகப் பெட்ரோல் வேண்டும், அப்போது எந்தக் குறையும் தெரியாது. சூடேறியும் அதே அளவு போனால் நீங்கள் சொன்ன அத்தனையும் நடக்கும். அதாவது, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கிறது.

முள் நடுவில் நிற்பதை நம்பாதீர்கள். முள்ளுக்குப் போகிற ஒயர் வேறு, கம்ப்யூட்டருக்குப் போகிறது வேறு. இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற, இரண்டு ஒயர் உள்ள கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும்: 20 டிகிரியில் சுமார் 2,400 ஓம், 40-இல் 1,100 சொச்சம், 80-இல் 300 பக்கம். வழியில் எங்காவது களிம்பு பிடித்து ரெசிஸ்டன்ஸ் கூடினால் குளிர்ச்சி என்றே கணக்காகும். ஒயர் முழுக்க அறுந்தால் செக் லைட் எரியும். இது நம்பக்கூடிய அளவாக இருப்பதால் எரியாது. சூடு ஏறவில்லை என்று நினைக்கும்வரை ஆக்சிஜன் சென்சார் சொல்வதையும் கம்ப்யூட்டர் காதில் வாங்காது, அதனால் அதை மாற்றுவது வீண் செலவு.

சாவியை ஆஃப் செய்து, வண்டி சூடாக இருக்கும்போதே இரண்டு இடத்தில் அளக்கவும்: சாக்கெட்டைக் கழற்றிச் சென்சாரின் பின்களில் (உலோக முனைகளில்) ஒருமுறை, அந்தச் சாக்கெட்டை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் சாக்கெட்டைக் கழற்றி அதன் ஒயர் முனையில் ஒருமுறை. அளப்பதற்கு முன் ரேடியேட்டர் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் நுனி தண்ணீரில் மூழ்காமல் இருந்தாலும் தப்பாகத்தான் சொல்லும்.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, பிடிபட்டது! கூலன்ட் நிறைய இருக்கிறது. சென்சார் பின்னில் 310 ஓம். கம்ப்யூட்டர் பக்கம் 1,150. சாக்கெட்டின் ரப்பர் சீலைக் காணோம், உள்ளே ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. டெர்மினலை விரலால் தொட்டதும் ஒயரிலிருந்து பொடியாக உதிர்ந்தது. சென்சாரை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

புது சாக்கெட் போட்டு, ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி ஈயம் வைத்தோம். இப்போது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. காரைக்குடி போய்த் திரும்பி, கடை வாசலில் இன்ஜினை ஓடவிட்டபடியே நிறுத்தினேன். உதறல் இல்லை, புகை இல்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரீசியன்:
சந்தோஷம் தம்பி. லோடு ஏற்றும் முன் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு பெட்ரோல் போனதில் எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். நீர்த்த ஆயிலோடு கல் ஏற்றி ஓட்டினால் பேரிங் தாங்காது.