வாய்ஸ் அண்ட் மூவ்மென்ட் கோச்: 'குரல்மெய்ப் பயிற்றுநர்' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தில்லியில் எங்கள் நாடகக் குழு மேடையேற்றவிருக்கும், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையின் அழைப்பிதழில், நடிகர்களின் குரலையும் உடலையும் பழக்குபவரை எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தேன். வந்த விடைகளுள் 'உடலியக்கப் பயிற்சியாளர்', 'மிடற்றாசிரியர்', 'வாசிக ஆங்கிக ஆசிரியர்' ஆகிய மூன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. ஆயினும் மூன்றிலும் எனக்குத் தடை உண்டு.

'பயிற்சியாளர்' என்ற சொல் கற்பிப்பவரையும் குறிக்கிறது, சில அலுவலக ஆணைகளில் கற்பவரையும் குறிக்கிறது. 'பயிற்றுநர்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. 'இயக்கம்' வேண்டாம், நாடகத்தில் இயக்குநர் என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். வாசிகம் (பேச்சால் காட்டுவது), ஆங்கிகம் (உடலால் காட்டுவது) என்பவை நாட்டிய சாத்திரம் வகுத்த அபிநய வகைகள். அவை மேடையில் வெளிப்படுபவை, அதற்கு முன்னால் உடலில் நடக்கும் தயாரிப்பைக் குறிப்பவை அல்ல.

தொண்டையைக் குறிக்கும் 'மிடறு' அழகான சொல்தான், ஆனால் இந்தத் தொழிலுக்கு நேர் எதிரானது. குரல் கற்பிப்பவரின் பாதி வேலையே சுமையை மிடற்றிலிருந்து இறக்குவதுதான். ஒத்திகையில் இதைக் கண்ணெதிரே பார்க்கிறோம்: கண்ணகியாக நடிப்பவர் 'தேரா மன்னா' என்று தொடங்கும்போது தோள்களை உயர்த்தி மூச்சை இழுத்தால், குரல் கழுத்தில் இறுகி, 'செப்புவது' என்ற சொல்லுக்குள் உடைந்துவிடுகிறது. ஆசிரியர் அவருடைய கீழ் விலாவில் உள்ளங்கையை வைத்து, 'இந்தக் கையை மூச்சால் தள்ளுங்கள்' என்கிறார். பிறகு பாதங்களைச் சற்று அகட்டி, முழங்கால் பூட்டைத் தளர்த்தச் சொல்கிறார். அதே அடி, கத்தாமலே, கடைசி வரிசை வரை போகிறது. அங்கே திருத்தப்பட்டது குரலா, உடலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தொல்காப்பியர் பிறப்பியலில் இதைத்தான் சொல்கிறார். உந்தியிலிருந்து (கொப்பூழிலிருந்து) எழும் வளி, அதாவது காற்று, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது. நாட்டிய சாத்திரமும் மார்பு, கழுத்து, தலை என்று மூன்று குரல் இடங்களைச் சொல்கிறது. இரண்டிலும் மிடறு மூன்றில் ஒன்றுதான். அதிலும் நம்மவர் உந்தியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்.

ஆகவே 'குரல்' அப்படியே இருக்கட்டும். உடலுக்கு 'மெய்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். மூவ்மென்ட் என்பதற்கு 'அசைவு' என்றால், அது இலை அசைவதற்கும் பொருந்தும். நின்ற இடத்தில் அசையாமல் நிற்பதும் நடிகர் கற்க வேண்டியதாயிற்றே. கேரளத் தற்காப்புக் கலையான களரியில் உடற்பயிற்சி வரிசையை மலையாளத்தில் 'மெய்ப்பயற்று' என்கிறார்கள். நமக்கு, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைக் குறிக்கும் 'மெய்ப்பாடு' இருக்கிறது. மெய் என்றால் உண்மை, மெய்யெழுத்து என்றெல்லாம் பொருள் படுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். படட்டும், அழைப்பிதழில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் மெய்யெழுத்து வகுப்பு என்று நினைக்கப் போவதில்லை.

இரண்டையும் இணைத்துக் 'குரல்மெய்ப் பயிற்றுநர்' என்பது என் பரிந்துரை. குரலும் மெய்யும் என விரியும் உம்மைத்தொகை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மண்டி ஹவுஸ் அருகிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் இவை தனித்தனி வகுப்புகள். இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சிசிலி பெரி பல ஆண்டுகள் குரலுக்கு மட்டுமே பொறுப்பேற்றிருந்தார். அப்படி இருவர் பணியாற்றும் இடத்தில் குரல் பயிற்றுநர், மெய்ப் பயிற்றுநர் என்று பிரித்துக்கொள்ளலாம். தொகை அதற்கு இடம் தருகிறது. எங்கள் குழுவில் ஒருவரே இரண்டையும் செய்கிறார்.

வட்டார வழக்கு கற்பிப்பவரையும் இதில் அடக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அது மொழிப் பயிற்சி, தனி இழையில் பேச வேண்டியது. 'குரல்மெய்' என்பதை ஒரே சொல்லாக அச்சிடுவதா, இடையில் சிறு கோடு இடுவதா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.